ஃபில்லோடிஸ் கட்டிகள் எல்லாமே புற்றுநோய் அல்ல

மருத்துவ அறிக்கையில் ஃபில்லோடிஸ் கட்டி (மார்பகத்தில் அரிதாக வரும் ஒரு கட்டி) என்று இருந்தாலே அது மார்பகப் புற்றுநோய்தான் என்று ஒரு கருத்து பரவி வருகிறது. பணிவுடன் சொல்கிறேன், அது சரியல்ல. கட்டியோடு காத்திருக்கும் பெண்களை அது வீணாகக் கலங்கடிக்கும். 1838-இல் ஜெர்மன் மருத்துவ அறிஞர் யோகானஸ் முல்லர் சூட்டிய பழைய பெயரில், ஒருவகைப் புற்றுநோயைக் குறிக்கும் ‘சார்கோமா’ என்ற சொல் இருந்ததும் இக்குழப்பத்துக்கு ஒரு காரணம். ஆனால், வெட்டிப் பார்த்தால் இலை இலையாக மடிந்து தெரியும் இக்கட்டியை உலக சுகாதார நிறுவனம் தீங்கற்றது, இடைநிலை, புற்றுத்தன்மை உடையது என மூன்றாகப் பிரிக்கிறது. பெரும்பாலானவை முதல் வகையே. (அதுவும் மீண்டும் வளரக்கூடும் என்பதால் முழுமையாக அகற்றுவது அவசியம்.) இதை யாரும் சரிபார்க்கலாம்: அறுவைக்குப் பின் வரும் நோயியல் அறிக்கையில் கட்டியின் வகையும், வெட்டியெடுத்த விளிம்பில் கட்டி எஞ்சியுள்ளதா என்பதும், நுண்ணோக்கியின் பத்துப் பார்வைப் பரப்புகளில் எண்ணிய செல்பிரிவுகளும் குறிக்கப்பட்டிருக்கும், தீங்கற்ற வகையில் அந்த எண்ணிக்கை பொதுவாக 5-க்கும் குறைவு.