வில்லன் மேல் மட்டும் பழி போடாதீர்கள்
‘வொண்டர் வுமன் 1984’ எடுபடாமல் போனதற்கு வில்லன் சரியில்லாததே காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ வில்லனாக நடித்த பெட்ரோ பாஸ்கல்தான் படத்தைக் கொஞ்சமாவது தாங்கினார். கோளாறு கதையில்.

2017-இல் வந்த முதல் படத்தில் நாயகி டயானா, அதாவது வொண்டர் வுமன், பதுங்குகுழியிலிருந்து ஏணியேறி, கேடயத்தோடு ஒற்றை ஆளாகத் தோட்டா மழைக்குள் நடப்பார். அப்புறம்தான் மற்றவர்கள் பின்னால் ஓடி வருவார்கள். காட்பாடியில் பார்த்தபோது, பக்கத்து சீட்டுக்காரர் வாய்வரை கொண்டுபோன முறுக்கைக் கடிக்கவே மறந்துவிட்டார்.

இரண்டாவதில்? ஒரு மாயக் கல்லைப் பிடித்துக்கொண்டு கேட்டால் கிடைத்துவிடுகிறது. முதல் படத்தில் செத்துப்போன காதலன் ஸ்டீவ் வேறு யாரோ ஒருவர் உடம்பில் திரும்பி வருகிறார். அந்த ஆளைப் பற்றி டயானாவுக்குக் கவலையே இல்லை. எட்டாவது படிக்கும் அக்கா பையன் வீட்டில் டிவியில் பார்த்துவிட்டு, “மாமா, அவங்க வீட்ல தேட மாட்டாங்களா?” என்றான். நான் ரிமோட்டைத் தேடுவதுபோல் நடித்தேன்.

151 நிமிடத்தில் ஆரம்பத்துத் தீவுப் போட்டி மட்டும் அருமை, அதை மறுக்கவில்லை. கிளைமாக்ஸில் டயானா சண்டையை நிறுத்திவிட்டு உலகத்துக்கே அறிவுரை சொல்கிறார். வேலூர் வெயிலில் அலைந்து வந்து உட்கார்ந்தவனுக்கு அது தாலாட்டு.