போதை மாத்திரைக்குப் பேரணி போதாது

எங்கள் ரோட்டரி சங்கத்தின் போன வாரக் கூட்டத்துக்கு ஒரு மனநல மருத்துவரை அழைத்திருந்தோம். வலி மாத்திரைகளை இளைஞர்கள் போதைக்குப் பயன்படுத்துவது பற்றிப் பேசினார். வழக்கமாகப் பேச்சாளருக்கு இருபது நிமிஷம் ஒதுக்குவோம். அன்றைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. தலைவர் சால்வை போர்த்தி நினைவுப் பரிசு கொடுத்ததும், மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, கல்லூரி மாணவர்களைத் திரட்டிப் பெரிய விழிப்புணர்வுப் பேரணி நடத்தலாம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் டாக்டரம்மா சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். அபின், மார்ஃபின், ஹெராயின் எல்லாம் ஒரே குடும்பம். டிரமடால், டபென்டடால் போன்ற வலி மாத்திரைகளும் மூளையில் அதே இடத்தில்தான் போய் வேலை செய்கின்றன. டிரமடாலை 2018-ல் மத்திய அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் போலீஸ் பிடிக்கும் மாத்திரைகளில் அடிக்கடி அடிபடும் பெயர் டபென்டடால். பையன்கள் அதைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். வயிற்றுக்குப் போக வேண்டிய மாத்திரை அது. அதிலுள்ள மாவும் பசையும் ரத்தத்தில் கரையாமல் குழாய்களை அடைக்கும், ஊசி போட்ட இடம் சீழ் கட்டும். ஒரே ஊசியை நாலு பேர் பகிர்ந்துகொண்டால் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. எல்லாம் சேர்ந்து வரும்.

2019-ல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பின்படி நாட்டில் இந்த அபின் குடும்பப் போதையைப் பயன்படுத்துபவர்கள் சுமார் 2.26 கோடிப் பேர். ஹெராயின் எடுப்பவர்கள் 10 முதல் 75 வயதுள்ளவர்களில் 1.14 சதவீதம், மருந்துக் கடைச் சரக்கை எடுப்பவர்கள் 0.96 சதவீதம். எங்கோ பஞ்சாபிலும் மணிப்பூரிலும் நடக்கிற விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் அரங்கத்திலேயே பாதிப் பேர் இருந்தார்கள்.

என்னை உலுக்கியது அவர் சொன்ன ஒரு வீட்டுக் கதை. பையனுக்குக் காலையிலிருந்து கொட்டாவி மேல் கொட்டாவி. கண்ணில் நீர், மூக்கு ஒழுகல், உடம்பெல்லாம் மயிர்க்கூச்சம், கால் உளைச்சல், வயிற்றுப்போக்கு. ஜுரம் வரப்போகிறது என்று அம்மா கசாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார், கால் அமுக்கி விட்டிருக்கிறார். ரெண்டு மணி நேரம் வெளியே போய்விட்டு வந்த பையன் பளிச்சென்று இருந்தான். கசாயம் கேட்டது என்று அந்த அம்மா சந்தோஷப்பட்டிருக்கிறார். மாத்திரை கிடைக்காத உடம்பு அப்படித் தவித்தது என்பது அவருக்குத் தெரிய மாதக்கணக்கானது. அந்த நிலைக்கு வந்த பிறகு பையன் மாத்திரையைத் தேடுவது சுகத்துக்காக இல்லை, அந்தத் தவிப்பு நிற்பதற்காக. ஒழுக்கக்கேடு, திமிர், வளர்ப்பு சரியில்லை என்று நாம் அடுக்குகிற வார்த்தைகள் எதுவும் அந்த உடம்புக்குள் நடப்பதைத் தொடவே இல்லை.

இன்னொன்று சொன்னார், எல்லோரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. பலரும் செய்வது, பையனை ஏதாவது ஒரு மையத்தில் ஒரு மாசம் அடைத்து வைத்து, ‘சுத்தமாகிவிட்டான்’ என்று வீட்டுக்குக் கூட்டி வருவது. உண்மையில் அதிக ஆபத்து அதற்குப் பிறகுதான். ஒரு மாசம் எடுக்காமல் இருந்ததில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய நண்பனைப் பார்த்து, பழைய அளவையே மறுபடி ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். உயிர் போகிறவர்களில் இப்படிப் போகிறவர்கள் பலர். அதனால்தான் அந்தத் தவிப்பை அடக்கும் புப்ரெனார்ஃபின் என்ற மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக் கரைய விட்டு, மருத்துவர் மேற்பார்வையில் மாதக்கணக்கில், தேவைப்பட்டால் வருஷக்கணக்கில் கொடுக்கிறார்கள். சாவைக் குறைக்கிறது என்று பல நாடுகளில் நிரூபணமான சிகிச்சை இது. “ஒரு போதையை எடுத்துட்டு இன்னொரு போதையைக் குடுக்கறதா டாக்டர்?” என்று ஒருவர் கேட்டார். “இதைச் சாப்பிடறவர் காலையில எழுந்து வேலைக்குப் போறார், சம்பளத்தை வீட்ல குடுக்கறார், ராத்திரி தூங்கறார். வேறென்ன சார் வேணும் நமக்கு?” என்றார். எனக்கு அந்தப் பதில் போதும்.

அப்புறம் மருந்துக் கடை வைத்திருக்கும் எங்கள் உறுப்பினர் எழுந்தார். அதிகம் பேசாத மனிதர். “ஒரே சீட்டைக் காமிச்சு அஞ்சாறு கடையில வாங்கறாங்க. நான் மருந்து குடுத்ததும் சீட்டுல தேதி போட்டு முத்திரை குத்திடுவேன். சட்டமே அப்படித்தான் சொல்லுது. ஆனா குத்தினா, ‘இனிமே உங்க கடைக்கு வரமாட்டோம்’னு போயிடறாங்க. பக்கத்துக் கடையில குத்தறதில்ல” என்றார். ஊசி மட்டும் கேட்டு வரும் பையன்களைப் பார்த்தால் என்ன சொல்வதென்றே தெரியாமல் நிற்பாராம். இல்லை என்று அனுப்பினால் பழைய ஊசியையே போட்டுக்கொள்வான், கொடுத்தாலும் மனசு கேட்காது. அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை பேசக்கூடியவர் அந்த நேரத்தில் ஊரிலேயே இவர் ஒருவர்தான். அவர் கையில் கொடுக்க ஒரு துண்டுச் சீட்டுகூட நாம் அச்சடித்துக் கொடுக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வலி மருந்து என்றாலே விஷம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. என் அத்தை புற்றுநோயில் கடைசி மாதங்களைக் கழித்தபோது, மார்ஃபின் மாத்திரை கிடைக்கும்வரை ராத்திரி முழுக்க அலறுவார். கிடைத்த பிறகு பேரன்களோடு உட்கார்ந்து சீரியல் பார்த்தார், ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டார். அமெரிக்காவில் 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையை இறக்கிய கம்பெனி, அடிமையாகும் ஆபத்து குறைவு என்று டாக்டர்களை நம்பவைத்தது. 2007-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் நேர் எதிர். 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியில், அபினை அரசே அனுமதி கொடுத்துப் பயிரிட வைக்கும் தேசத்தில் புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கிடைக்காமல் போனது. நோயாளிகளின் வலி தணிக்கும் சிகிச்சைக்காக உழைக்கும் டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்கில் போராடி 2014-ல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. மறுபடியும் ஒரு பயத்தைக் கிளப்பி அந்தக் கதவைச் சாத்திவிடக் கூடாது.

சரி, பேரணிக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1983-ல் தொடங்கிய ‘டேர்’ திட்டத்தில் போலீஸ்காரர்களே வகுப்பறைக்குப் போய்ப் போதையின் தீமைகளைச் சொன்னார்கள். நாடு முழுக்கப் பரவிய திட்டம். பிறகு ஆய்வு செய்தவர்கள், அதனால் பிள்ளைகளின் போதைப் பழக்கம் குறையவில்லை என்றே திரும்பத் திரும்பக் கண்டார்கள். ‘போதை ஒழிக’ என்று பதாகை பிடித்து நடக்கும் ஊர்வலம், ஏற்கெனவே மாட்டிக்கொண்ட பையனிடம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறது: உன்னை இந்த ஊருக்குப் பிடிக்காது. அவன் இன்னும் ஒளிந்துகொள்வான்.

நம் சங்கத்துக்கு வேறு வழி தெரியும். 1985-ல் ரோட்டரி போலியோவைக் கையிலெடுத்தது. ஒரு பேச்சு, ஒரு பேரணியோடு விட்டோமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் மேஜை போட்டு உட்கார்ந்தோம். குழந்தையின் சுண்டு விரலில் மை வைத்தோம். விடுபட்டவர்களைத் தேடி வீடு வீடாகப் போனோம். எத்தனையோ வருஷம் அலுக்காமல் செய்ததில்தான் 2011 ஜனவரிக்குப் பிறகு நாட்டில் ஒரு குழந்தைக்கும் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் வரவில்லை. அந்த நிதானமும் பிடிவாதமும் இதற்கும் வேண்டும்.

ஊரிலுள்ள எல்லா மருந்துக் கடைக்காரர்களையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, எல்லோரும் முத்திரை குத்துவது என்று பேசி முடிக்கலாம். ஒருவர் மட்டும் நேர்மையாக இருந்து வியாபாரத்தை இழக்க வேண்டியதில்லை. சிகிச்சையில் இருக்கும் ஒரு பையனுக்கு நம் உறுப்பினர்களின் கடையிலோ பட்டறையிலோ வேலை கொடுக்கலாம். வாரம் ஒருநாள் மாத்திரை வாங்கப் போக அரை நாள் விடுப்போடு. பழைய கூட்டத்திலிருந்து அவனைப் பிரித்து வைக்க ஒரு வேலையால் முடிவது எந்த அறிவுரையாலும் முடியாது. இதற்காக நானே என் அச்சகத்தில் ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

எங்கள் வக்கீல் உறுப்பினர் சொன்னதையும் ஊருக்குச் சொல்லணும். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சைக்குச் சேர்ந்தால், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு பாயாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். இது தெரியாமல் போலீஸுக்குப் பயந்து எத்தனை பெற்றோர் பையனை வீட்டிலேயே பூட்டி வைத்திருக்கிறார்களோ! மூச்சுத் திணறும் நண்பனை விட்டுவிட்டு ஓடிப்போகும் பையன்களும் இதே பயத்தில்தான் ஓடுகிறார்கள். உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, எழுப்பினாலும் எழாமல் கிடந்தால் உடனே 108. அதுவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, பக்கத்திலேயே இருக்கணும். இந்தப் போதையை முறிக்கும் நலாக்சோன் என்ற மருந்து நேரத்துக்குக் கிடைத்தால் பிழைக்க வழி உண்டு.

இதையெல்லாம் எழுதி இயக்குநர் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். மருந்துக் கடைகளில் வைக்கத் துண்டுச் சீட்டை நான் செலவில்லாமல் அச்சடித்துத் தருகிறேன். போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416 இரண்டும் அதில் இருக்கும். உங்கள் மாவட்டத்தில் புப்ரெனார்ஃபின் சிகிச்சை எந்த அரசு மருத்துவமனையில் கிடைக்கிறது, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு ஓ.பி. என்று தெரிந்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள். அதையும் சேர்த்து அச்சடிக்கிறேன்.