பொவண்டோவுக்கு பிரிட்ஜில் இடமில்லை

போன வாரம் திருமங்கலம் தாண்டி ஒரு பெட்டிக்கடையில் வண்டியை நிறுத்தி பொவண்டோ கேட்டேன். கடைக்கார அண்ணன் குனிந்து, மிட்டாய் பாட்டில்களுக்குக் கீழே இருந்த அட்டைப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "கூலிங் இல்ல தம்பி, பரவால்லியா?" பக்கத்திலேயே ஆள் உயரத்துக்கு பிரிட்ஜ் நிற்கிறது. அது வேறொரு கூல்டிரிங்க்ஸ் கம்பெனி கொடுத்த பிரிட்ஜாம், அவங்க சரக்கைத் தவிர வேறு எதுவும் வைக்கக் கூடாதாம்.

வருஷா வருஷம் வெயில் ஆரம்பித்தால் நம் ஆட்கள் "தமிழனின் பானம்" என்று பதிவு போடுவார்கள். நானும் ஹார்ட் விட்டுவிட்டு நகர்ந்திருக்கிறேன். அந்தச் சூடான பாட்டிலைக் கையில் வாங்கியபோதுதான் உறைத்தது, நம் ஹார்ட்டெல்லாம் சேர்ந்து அந்த பிரிட்ஜுக்குள் ஒரு வரிசைகூடப் பிடித்துக் கொடுக்கவில்லை.

காளிமார்க் 1916இல் விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் தொடங்கிய சோடா கம்பெனி. அவர்களுடைய பொவண்டோ வந்தது 1950களின் கடைசியில். எங்கள் பக்கம் அதைப் பேர் சொல்லிக்கூடக் கேட்க மாட்டோம், 'கலர்'தான். வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தால் அம்மா கொல்லைப்புறமாகக் கூப்பிட்டுக் காசைக் கையில் திணித்து "நாலு கலர் வாங்கிட்டு ஓடி வா, பாட்டிலைத் திருப்பிக் குடுத்துரணும்" என்பாள். கடையில் சணல் கயிற்றில் ஓப்பனர் தொங்கும். மூடியைத் திறந்ததும் லேசாகத் திராட்சை வாசம், கருஞ்சிவப்பில் நுரை. மூடியைத் தட்டித் தட்டித் தட்டையாக்கி, ரெண்டு ஓட்டை போட்டு நூல் கோர்த்து விர்ரென்று சுற்றினோம். பொவண்டோவுக்கு நல்ல பேர் வந்தது இந்தத் திண்ணைகளில்தான், விளம்பரத்தால் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

1990இல் பெப்சி வந்தது. 1977இல் மூட்டை கட்டிப் போன கோக், 1993இல் திரும்பி வந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் எல்லாவற்றையும் பார்லேயிடமிருந்து வாங்கிப் போட்டது. கோல்டு ஸ்பாட் இன்று எங்கே? அந்தப் புயலில் ஒரு விருதுநகர் கம்பெனி நின்றதே பெரிய விஷயம். கல்யாண வீட்டு ஆர்டரும், திரும்பி வரும் கண்ணாடி பாட்டிலும், சின்ன ஊர்க் கடைகளும்தான் தாங்கிப் பிடித்தன என்பது என் கணக்கு.

அப்புறம் 2017. மெரினாவில் ஜல்லிக்கட்டுக் கூட்டம், அதன் சூட்டோடு வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று அறிவித்தன. எங்கள் தெருவில் திடீரென்று எல்லோருக்கும் பொவண்டோ வேண்டும். கடைக்காரர் "லோடு வரல, லோடு வரல" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போனார். சில மாதத்தில் பழைய பாட்டில்கள் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டன, யாரும் சண்டை போடவில்லை. கோபத்தில் வந்த கூட்டம் கோபம் தணிந்ததும் போய்விட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், திட்டுவதென்றால் திட்டுங்கள். நம்ம ஊர் பானம் என்பதால் உடம்புக்கு நல்லது என்று பார்வர்டு பண்ணுவதெல்லாம் வேண்டாத வேலை. அதுவும் கேஸ் ஏற்றிய சர்க்கரைத் தண்ணீர்தான். ஜிஎஸ்டியும் அதே 40 சதவீதம், வரி போடுகிறவருக்கு விருதுநகரும் கோக்கின் அட்லாண்டாவும் ஒன்று. நான் குடிப்பது ருசிக்காக, பிரியாணிக்கு மேல் அது இறங்குகிற விதத்துக்காக.

சுதேசி என்ற பட்டமும் இனி காளிமார்க்குக்கு மட்டும் இல்லை. 2022இல் கேம்பா என்ற பழைய இந்தியக் கோலாவை வாங்கிய ரிலையன்ஸ், அடுத்த வருஷமே 200 மில்லி பத்து ரூபாய் என்று இறக்கிவிட்டது. உணர்ச்சியும் அவர்களிடம் இருக்கிறது, லாரியும் இருக்கிறது, பிரிட்ஜும் இருக்கிறது. காளிமார்க்காரர்களை நினைத்தால் எனக்குக் கவலை கோக்கைப் பற்றி இல்லை, இவர்களைப் பற்றித்தான்.

அடுத்த மாதம் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பொவண்டோ என்றேன். கேட்டரிங்காரர் "மொஹிட்டோ கவுண்டர் போட்டுரலாம் சார், பிள்ளைங்க விரும்புவாங்க" என்கிறார், தங்கச்சியும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டாள். தாய்மாமன் பேச்சு எடுபடுமா என்று பார்க்க வேண்டும்.