குமரிக் கரையின் நிற மணல் மூன்று கடல்கள் கொண்டு வந்ததன்று

"கன்னியாகுமரியில் மூன்று கடல்களும் தத்தம் நிறத்தில் மணலைக் கொண்டு வருகின்றன, மாணவர்களை முக்கடல் சங்கமத்தில் நிறுத்தி இதைச் சொன்னாலே புவியியல் களப்பாடம் நிறைவடைந்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தியின் இரு பகுதிகளும் தவறானவை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலுள்ள சார்னோக்கைட், கோண்டலைட் பாறைகள் சிதைந்து, அவற்றின் கனிமங்களைப் பழையாறு, வள்ளியாறு, குழித்துறைத் தாமிரபரணி ஆகியவை கடலில் சேர்க்க, அலைகள் அவற்றை அடர்த்திக்கேற்பப் பிரித்துக் கரையில் ஒதுக்குகின்றன. நிறம் தரும் கனிமங்கள் இவை: கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், மஞ்சள் கலந்த பழுப்பு மோனசைட். சாதாரண வெளிர் மணலின் கனிமமான குவார்ட்சின் ஒப்படர்த்தி (நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) ஏறத்தாழ 2.65, இல்மனைட்டினுடையது 4.7 என்பதால், பின்வாங்கும் அலை குவார்ட்சை இழுத்துச் செல்ல, கனத்தவை தங்கிவிடுகின்றன. முக்கடல் சந்திப்பிலிருந்து விலகியுள்ள மணவாளக்குறிச்சிக் கரையிலும் இந்நிறங்கள் கிடப்பதே அச்செய்தியை மறுக்கப் போதுமானது.

கற்பித்தல் பற்றிய கூற்று இதைவிடத் தீங்கானது என்றே கருதுகிறேன். பாடப்பொருள், செல்லும் இடம், அன்றைய செயல்கள் ஆகிய மூன்றும் முன்பே அறிமுகமான மாணவர்கள் களத்தில் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதை இஸ்ரேலிய ஆய்வாளர்கள் நிர் ஓரியனும் அவி ஹாஃப்ஸ்டைனும் 1994இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எனவே வகுப்பிலேயே கனிமங்களைக் கையாளச் செய்து, வரைபடத்தில் ஆறுகளைத் தொடரச் செய்த பின்னரே கரைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே ஆசிரியர் விளக்குமுன், மாணவர்கள் உருப்பெருக்கியால் மணலைப் பார்த்து, வலிய காந்தத்தை அருகில் கொண்டு சென்று, அடுக்குகளை வரைந்து, தங்கள் காரணத்தைத் தாங்களே எழுத வேண்டும். மோனசைட்டில் கதிரியக்கத் தனிமமான தோரியம் இருப்பதால் அது அணுசக்தி தொடர்பான சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆகவே மணலைப் பையில் எடுத்து வரக் கூடாது.