247-ஐ ஒப்பித்தால் வாசிப்பு வராது

வாசிக்கத் திணறும் பிள்ளைகள் தமிழின் 247 எழுத்தையும் தினம் ஒப்பிக்கட்டும் என்கிறது ஒரு கட்டுரை. வரிசையாகச் சொல்லும் பிள்ளை, நடுவில் ஒன்றைக் காட்டினால் விழிக்கும். க, ட, ப, ம, ல ஐந்தும், ஆ, இ, எ குறிகள் மூன்றும் தொடங்கப் போதும். தினம் 10 நிமிடம்.

அதிகம் சறுக்குவது கொம்பில்தான், அதாவது எ குறியில் (ெ). ‘மெ’யில் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கொம்பைத் தனி அட்டையாக வெட்டி, ‘ம’வுக்கு முன் நகர்த்திக் காட்டுங்கள், பிடிபடும். பிள்ளை ஊகித்து வாசிக்கிறதா என்றறிய ‘மெடா’, ‘பிலெ’ என்று பொருளில்லாச் சொல் கொடுங்கள். (பெற்றோர் சிரிப்பார்கள், பரவாயில்லை.)

நீண்ட சொல்லுக்குக் கடலூர் பஸ் பலகையே இருக்கிறது: திருப்பாதிரிப்புலியூர், 11 எழுத்து. மற்றதை விரலால் மறைத்து முதலில் ‘திருப்’, பிறகு ‘பாதிரிப்’, கடைசியில் ‘புலியூர்’. முதல் எழுத்தைப் பார்த்து ‘திருவண்ணாமலை’ என்றால் அதட்டாதீர்கள். ‘பா’வில் விரலை வையுங்கள்.