கங்காவை விட்டுவிட்டீர்களே

கதைகளில் மொழி மனத்தை எப்படி ஆட்டிவைக்கிறது என்ற உங்கள் கட்டுரை பிடித்திருந்தது. ஆனால் மந்திரச் சொற்கள், மூளையை மாற்றும் வேற்றுக்கிரக மொழி என்று மாயக்கதையோடும் அறிவியல் புனைகதையோடும் நிறுத்திவிட்டீர்கள். கடலூர்க்காரன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன்.

1934-இல் எங்கள் ஊரில் பிறந்த ஜெயகாந்தன், 1966-இல் ஆனந்த விகடனில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ கதையைப் பாருங்கள். மழை நாளில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறிக் கெடுக்கப்பட்ட பெண் வீடு திரும்புகிறாள். அம்மா முதலில் அடிக்கிறாள். அப்புறம் அவள் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். பெண்ணைத் தேற்றியது தண்ணீரா? அந்தப் பேச்சுதானே!

சரி, அதே தாய் ஊர் கேட்கக் கத்தியிருந்தால்? அதைத்தான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலாக எழுதினார். 1972-இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அதில் அந்தப் பெண்ணாக வரும் கங்கா, வீட்டார் சொன்னதைப் பல வருடம் மனத்தில் சுமக்கிறாள். காரில் நடந்ததைவிட, அதைப் பற்றி மற்றவர்கள் பேசியதுதான் அவளை அதிகம் சிதைத்தது என்பேன். மஞ்சக்குப்பம் நண்பர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. இந்தக் கதை என்றாலே எங்களுக்குள் வாக்குவாதம்தான். அடுத்த பகுதியில் இந்த இரண்டையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா.