ஆரஞ்சு பெட்டியில் இருப்பது முழுப் படம் இல்லை

'டிராகன் பால் இசட் அனிமே தொடரை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் ஃபனிமேஷன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆரஞ்சு டிவிடி பெட்டிகள்தான், டிவியில் வந்தது ஓரம் வெட்டியது' என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இது கிட்டத்தட்ட தலைகீழ்.

1989 முதல் 1996 வரை ஜப்பானில் ஓடிய இந்தத் தொடர் பழைய டிவியின் 4:3 சட்டத்துக்காகவே (அகலம் 4, உயரம் 3) வரையப்பட்டது. 2007 முதல் வந்த அந்தப் பெட்டிகளில் அதை அகலத்திரைக்கான 16:9 ஆக்க, மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள். பிலிமிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்ததால் பக்கவாட்டில் படம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது உண்மைதான். விளம்பரம் அதை மட்டும் பெரிதாகக் காட்டியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அகலம் மாறாமல் 4:3-ஐ 16:9 ஆக்கினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். க்ளோஸப்பில் நாயகன் கோகுவின் முடி நுனி காணாமல் போவது இதனால்தான். (அந்த முடியை வெட்ட எப்படித்தான் மனசு வந்ததோ!)

அப்புறம், பிலிமில் இயல்பாக இருக்கும் பொடிப் புள்ளிகளை (கிரெய்ன்) நீக்குகிறேன் என்று அழுத்தித் துடைத்ததில் மெல்லிய கோடுகளும் சில இடங்களில் மங்கிவிட்டன.

4:3 வேண்டுமென்றால் 2009 முதல் அமெரிக்காவில் வந்த டிராகன் பாக்ஸ் என்ற டிவிடி தொகுப்பு இருக்கிறது, 7 பெட்டிகள். இப்போது பழைய பிரதிதான், விலையும் கடிக்கும். 2013 ப்ளூ-ரேயை அதற்கு மாற்றாக வாங்கிவிடாதீர்கள், அதுவும் 16:9 வெட்டுதான்.